பக்கம் இல்லாத வாதம்

2009ஆம் ஆண்டு ஆவணிக் கடைசியில் தங்கையின் திருமணம். ஆடி மாதத்தின் நடுவில், அழைப்பிதழின் மெய்ப்புப் படி சிவகாசி அச்சகத்திலிருந்து கோவில்பட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒற்றைத் தாள்தான், அதைப் படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அன்று மாலை நான்கு மணிக்கு அந்தத் தாளைக் கையில் எடுத்த சித்தப்பா அதைக் கீழே வைத்தபோது, தெருவிளக்குகள் எரியத் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

முதல் வரியிலேயே தொடங்கிவிட்டார். "நிகழும் மங்களகரமான விரோதி வருடம்" என்று அச்சிட்டிருந்தார்கள். மங்களகரமான என்று சொன்ன வாயாலேயே அடுத்த சொல்லை விரோதி என்று சொல்லலாமா என்று கேட்டார். அறுபது ஆண்டுகளின் பெயர்களைப் பஞ்சாங்கம் வகுத்துவைத்திருக்கிறது, நாம் மாற்ற முடியாது என்று அப்பா பொறுமையாகச் சொன்னார். அப்படியானால் மங்களகரமான என்பதை எடுத்துவிட வேண்டியதுதானே என்றார் சித்தப்பா. எடுத்துவிடலாம் என்று அப்பா பேனாவை எடுத்ததும், கல்யாணப் பத்திரிகையில் மங்களம் என்ற சொல்லையே அடிப்பதா என்று பதறினார். பிறகு "எங்கள் இல்லத் திருமணம்" என்பதற்கு வந்தார். திருமணம் நடப்பது மண்டபத்தில், இல்லத்தில் இல்லையே. "நடைபெற இருப்பதால்" என்ற தொடரைக் கண்டதும், திருமணத்துக்குக் கால் முளைத்திருக்கிறதா என்று கேட்டார். "சுற்றமும் நட்பும் சூழ" என்ற இடத்தில் விரலை வைத்து, பந்திக்கு எத்தனை இலை சொல்லியிருக்கிறது என்று சமையல்காரரை விசாரிக்கும் தோரணையில் கேட்டபோது, காபித் தம்ளர்களை எடுக்க வந்த அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் அப்பா பேனாவை மூடி வைத்தார்.

"சரி தம்பி, எப்படிப் போடலாம்னு நீயே சொல்லு. அப்படியே போட்டிருவோம்."

"நான் எதுக்குண்ணே சொல்லணும்? போட்டிருக்கிறதுல தப்பு இருக்குன்னேன். அவ்வளவுதான்."

"இதுக்குப் பேருதான் விதண்டாவாதம்" என்றார் அப்பா.

அந்தச் சொல்லை அதற்கு முன்பு ஆயிரம் முறை கேட்டிருப்பேன். வீண்பேச்சு, வம்புப்பேச்சு, எதற்கெடுத்தாலும் ஏறுக்கு மாறாகப் பேசுவது என்ற அளவில்தான் அதன் பொருள் என் மனத்தில் பதிந்திருந்தது. பெரும்பாலோர் மனத்திலும் அப்படித்தான் பதிந்திருக்கும். ஆனால் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சொற்களைக் கோபத்திலும் அளந்து எடுப்பவர். சித்தப்பா இரண்டு மணி நேரம் குறை சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதவர், 'நான் எதுக்குச் சொல்லணும்' என்று அவர் கேட்ட நொடியில் பயன்படுத்தினார். ஏன் அந்த நொடியில் என்பதை அன்றிரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தபடி அவர் விளக்கிய பிறகுதான், இந்தச் சொல் எவ்வளவு கூர்மையானது என்பதும், அதை நாம் எவ்வளவு மழுங்கடித்து வைத்திருக்கிறோம் என்பதும் எனக்குப் புரிந்தன.

விதண்டை என்பது வசைச்சொல்லாகப் பிறக்கவில்லை. அது தருக்க நூலின் கலைச்சொல். கௌதமர் இயற்றியதாகச் சொல்லப்படும் நியாய சூத்திரம் அறியத்தக்கவை என்று பதினாறு பொருள்களை எண்ணிச் சொல்கிறது. அந்த வரிசையில் பத்தாவது வாதம், பதினோராவது ஜல்பம், பன்னிரண்டாவது விதண்டை. இம்மூன்றும் உரையாடலின் மூன்று வகைகள். உண்மை எதுவென்று அறியும் பொருட்டு, ஆசிரியரும் மாணவரும் போலவோ, ஒத்த நோக்குடைய இருவர் போலவோ, சான்றுகளைக் கொண்டு பேசிக்கொள்வது வாதம். இருவருக்கும் ஆளுக்கொரு கொள்கை இருந்து, வெற்றி ஒன்றையே கருதி, சொற்புரட்டையும் போலிமறுப்பையும் கூடக் கையாண்டு மோதிக்கொள்வது ஜல்பம். அந்த ஜல்பத்திலிருந்து ஒருவன் தன் கொள்கையை நிலைநாட்டும் வேலையை மட்டும் நீக்கிவிட்டு, எதிராளி சொன்னதைத் தகர்ப்பதோடு நின்றுவிட்டால் அது விதண்டை. சூத்திரத்தின் இலக்கணம் அவ்வளவுதான்: எதிர்ப்பக்கத்தை நிறுவுதல் இல்லாத ஜல்பம். பொருள் சிறிதா பெரிதா என்பதைப் பற்றியோ, குரல் உயர்ந்ததா என்பதைப் பற்றியோ, நேரம் வீணானதா என்பதைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

இங்கே பக்கம் என்ற சொல் கவனிக்கத்தக்கது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம். புகையுடைத்து ஆதலால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். பக்கம் என்றால் ஒருவன் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, அதாவது அவன் நிற்கும் இடம். இதை நூலில் கண்டபோது எனக்கு வியப்பாக இருந்ததற்குக் காரணம், நம் வீட்டுச் சண்டைகளிலும் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் எழுத்தறியாதவர்களும் இயல்பாகச் சொல்லும் "என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க" என்ற வாக்கியம். பக்கம், நியாயம் என்ற இரண்டு சொற்களுமே தருக்க நூலில் புழங்குபவை. நீதி கேட்டு நிற்கும் எளிய மனிதர் முதலில் தமக்கென்று ஒரு பக்கம் உண்டு என்பதை அறிவித்துவிட்டே பேசத் தொடங்குகிறார். எங்கள் சித்தப்பா அந்த மாலையில் அறிவிக்க மறுத்தது அதைத்தான். விதண்டாவாதம் என்பதற்கு நேர்த்தமிழில் பெயர் வைக்கச் சொன்னால், பக்கம் இல்லாத வாதம் என்று வைக்கலாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் பல சொற்கள் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனை விதண்டாவாதி என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அவன் விதண்டாவாதியே இல்லை. அவனுக்கு மிகத் தெளிவான பக்கம் ஒன்று இருக்கிறது: முயலுக்கு மூன்று கால். அதை அவன் விடமாட்டான் என்பதுதான் குற்றம். அவனுக்கு உரிய பெயர் பிடிவாதக்காரன். 'சாதிக்கிறான்' என்று நாம் அவனைப் பற்றிச் சொல்வதே சரியான சொல்; சாதித்தல் என்றால் நிறுவுதல், அவன் எதையோ நிறுவத்தான் பார்க்கிறான். விதண்டாவாதி எதையும் சாதிப்பதில்லை. அவனிடம் முயலைக் கொடுத்தால், நான்கு கால் என்று எப்படிச் சொல்கிறாய், எண்ணிய கணக்குச் சரியா, முன்னங்காலைக் கால் என்று ஏன் கொள்ள வேண்டும், கை என்று கொள்ளக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே போவான். எத்தனை கால் என்று அவனைக் கேட்டால், அதைச் சொல்வது என் வேலை இல்லை என்பான். (முடக்குவாதத்துக்கு மருந்து உண்டு, பிடிவாதத்துக்கு மருந்து இல்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உடம்பைப் பிடிக்கும் வாதமும் பேச்சைப் பிடிக்கும் வாதமும் வடமொழியில் வேறு வேறு எழுத்தால் ஆன வேறு வேறு சொற்கள். தமிழ் எழுத்துக்குள் வந்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. தற்செயலாக நேர்ந்த ஒற்றுமைதான் என்றாலும், பழமொழி அதை வீணாக்கவில்லை.)

குதர்க்கம் வேறொன்று. அது தர்க்கத்தின் கோணல். தர்க்கத்தின் உருவம் இருக்கும், நேர்மை இருக்காது. குதர்க்கம் பேசுபவனுக்குப் பக்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தகராறு என்பதன் கதை இன்னும் சுவையானது. அரபியில் திரும்பத் திரும்பச் செய்தல் என்ற பொருளுடைய தக்ரார் என்ற சொல், உருதுவில் சச்சரவு என்ற பொருளையும் பெற்று, நம்மிடம் தகராறு ஆகியிருக்கிறது. சொன்னதையே சொல்வதும் சண்டையும் ஒன்றுதான் என்று ஒரு மொழியே தீர்ப்பளித்துவிட்டதைப் போல இருக்கிறது. எவ்வளவு நுண்மையான கவனிப்பு! கணவன் மனைவி சண்டை எதையாவது ஒட்டுக்கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பொருளின் சிறுமை விதண்டையின் இலக்கணம் ஆகாது என்பதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர், 'எடுத்து' என்னும் ஒற்றைச் சொல்லின் பொருளைக் காக்கும் பொருட்டு ஒரு மறுப்பு நூலே எழுதினார்; 'எடுத்து என்னும் சொல்லுக்கு இட்ட வைரக்குப்பாயம்' என்பது அதன் பெயர். குப்பாயம் என்றால் சட்டை. ஒரு வினையெச்சத்துக்கு வைரத்தால் கவசம் தைத்துப் போட்டிருக்கிறார். இன்றைக்கு ஒருவர் இப்படிச் செய்தால் வேறு வேலை இல்லையா என்று கேட்போம். ஆனால் அது விதண்டை ஆகாது. அவர் அந்தச் சொல்லுக்கு இன்னதுதான் பொருள் என்று ஓரிடத்தில் ஊன்றி நின்றுகொண்டு பேசுகிறார். தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையின்போது லாவணிக்காரர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து நின்று விடிய விடியப் பாடுவார்கள். மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்ற கேள்வியால் யாருக்கும் ஒரு படி நெல்லும் கிடைக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் அது விதண்டை இல்லை, ஏனெனில் இரண்டு கட்சிக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. நியாய நூலார் கேட்டிருந்தால் அதை அழகான ஜல்பம் என்றிருப்பார்கள். நம் பட்டிமன்றங்களும் ஜல்ப வகைதான்.

சித்தப்பாவின் ஆட்சேபங்களுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அவற்றுக்கும் நூலில் இடம் இருக்கிறது. விதண்டையும் ஜல்பமும் கையாளும் கருவிகளில் சலம் என்பது ஒன்று. எதிராளி கருதாத பொருளை அவர் சொல்லில் ஏற்றிவைத்து மறுப்பது. அதற்கு நியாய நூலின் உரையில் சொல்லப்படும் எடுத்துக்காட்டு மிகவும் பழையது. ஒருவன் நவ கம்பளம் வைத்திருக்கிறான் என்று சொன்னால், புதுக் கம்பளம் வைத்திருக்கிறான் என்பது சொன்னவன் கருத்து. கேட்டவன், இவனிடம் இருப்பது ஒரே கம்பளம், ஒன்பது எங்கே என்று மடக்குகிறான். நவநாகரிகம் என்றும் நவதானியம் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் தமிழருக்கு இந்தக் குறும்பு நன்றாகவே விளங்கும். இன்னொரு வகைச் சலம், வழக்கில் உருவகமாகச் சொன்னதை எழுத்துக்கு எழுத்தாக எடுத்துக்கொள்வது. பரண்கள் கூவுகின்றன என்று ஒருவன் சொல்கிறான். பரண் மீது காவலிருப்பவர்கள் கூவுகிறார்கள் என்பது அவன் கருத்து. மரக்கட்டை எப்படிக் கூவும் என்று மற்றவன் கேட்கிறான். ஊர் சிரிக்கும் என்றால் ஊருக்குப் பல் உண்டா என்று கேட்பதும், திருமணம் நடைபெறும் என்றால் அதற்குக் கால் உண்டா என்று கேட்பதும் இந்த வகைதான். ஆகுபெயரைப் பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவர் சித்தப்பா. தெரியாமல் கேட்டார் என்று சொல்ல வழியில்லை.

இவ்வளவையும் கேட்டால் விதண்டை கழிசடையான ஒன்று என்று தோன்றும். அப்பா அன்றிரவு என்னை அந்த இடத்தில் நிறுத்திவிடவில்லை. திருக்குறளில் அவையஞ்சாமை அதிகாரத்தில், "ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு" என்ற குறள் இருக்கிறது. அங்கே அளவு என்பதற்கு அளவை நூல் என்று பொருள் கொண்ட பரிமேலழகர், பிறர் சொல்லை வெல்லும் சொல்லைச் சொல்வது நியாய நூலில் உள்ள வாதம், ஜல்பம், விதண்டை, சலம் முதலியவற்றைக் கற்றவர்க்கே கூடும் என்பதால், அமைச்சர் அவற்றைப் பிழையாமல் கற்க வேண்டும் என்று உரை எழுதுகிறார். பிள்ளைகளிடம் எதைச் செய்யாதே என்று அதட்டுகிறோமோ, அதை அமைச்சர்களின் பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறார் குறளின் ஆகப் பெரிய உரையாசிரியர். வேற்று வேந்தர் அவையில் தூதனாகவோ அமைச்சனாகவோ நிற்பவன், தன் நாட்டின் உட்கருத்தை வெளிவிடாமலேயே எதிரியின் கூற்றை மட்டும் உடைத்துக் காட்ட வேண்டிய நேரம் வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த உரையின் நடைமுறை அறிவு விளங்கும்.

நியாய சூத்திரமே இதற்கு ஓர் உவமை சொல்கிறது: முளைவிட்ட விதையைக் காக்க முட்கிளைகளால் வேலி அடைப்பதைப் போல, உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் உதவும். வயலுக்குச் சொந்தக்காரன் முள்ளை விதைப்பதில்லை. ஆனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தர்க்கம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் முள்ளை வெட்டிப் போடுகிறான். கரிசல் காட்டில் வளர்ந்த எனக்கு, உடைமுள் வேலி கண்முன் நிற்க, அந்த உவமை உடனே பிடிபட்டது.

தனக்கென்று கூற்று ஒன்றும் இல்லை என்பதையே நேர்மையான நிலைப்பாடாகக் கொண்டவர்களும் உண்டு. பௌத்தப் பேரறிஞர் நாகார்ச்சுனர் தம் விக்ரஹவ்யாவர்தனீ என்னும் நூலில், எனக்குக் கூற்று ஏதேனும் இருந்தால் அல்லவா நீங்கள் சொல்லும் குற்றம் என்னைச் சாரும், எனக்குக் கூற்றே இல்லையே என்று சொல்கிறார். எதிரிகள் அவரை விதண்டாவாதி என்றார்கள். நம் குற்றவியல் நீதிமன்றங்களில் நாள்தோறும் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். குற்றத்தை நிறுவும் சுமை அரசுத் தரப்பைச் சார்ந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கொலையை வேறு யார் செய்தார் என்று சொல்லத் தேவையில்லை, சாட்சி சொன்ன நேரமும் பிரேதப் பரிசோதனை சொல்லும் நேரமும் பொருந்தவில்லை என்று காட்டினால் போதும். "சந்தேகத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளித்து" என்று தீர்ப்புகளில் வரும் தொடர், பக்கம் இல்லாத வாதத்துக்குச் சட்டம் தந்திருக்கும் மரியாதை. அந்த வழக்கறிஞரை நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம் என்று மடக்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஒரு மனிதனின் உயிர் தராசில் இருக்கும்போது அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அப்படியானால் சித்தப்பாவுக்கும் வழக்கறிஞருக்கும் என்ன வேறுபாடு? நியாய சூத்திரத்துக்கு முதல் உரை எழுதிய வாத்சியாயனர் இந்தக் கேள்விக்கு ஒரு பொறி வைத்திருக்கிறார். விதண்டாவாதியிடம், இந்தப் பேச்சால் உனக்கு ஆவது என்ன என்று கேட்டுப் பார் என்கிறார். இன்னதற்காகப் பேசுகிறேன் என்று அவன் ஒப்புக்கொண்டால் அதுவே அவன் பக்கம் ஆகிவிடுகிறது. அவன் விதண்டாவாதியாக இருப்பதிலிருந்து நீங்கிவிடுகிறான். ஒன்றுமில்லை என்றால், அவன் உலக வழக்கில் நிற்பவனும் இல்லை, ஆராய்பவனும் இல்லை. வழக்கறிஞரால் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும்: என் கட்சிக்காரரைத் தக்க சான்றின்றித் தண்டிக்கக் கூடாது என்பதற்காக. சித்தப்பாவிடம் அன்று மாலை விடை இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இந்தச் சொல்லின் இன்றைய புழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இவ்வளவு சொன்னதும் ஏட்டுப் பேச்சாகிவிடும். விதண்டாவாதம் என்பது தன்மைக்கு வராத சொல் என்பதை யாரும் கவனித்திருக்கலாம். பிடிவாதக்காரர்களில் தம்மைப் பிடிவாதக்காரர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்; நான் விதண்டாவாதம் பேசுகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மிஞ்சிப் போனால் "விதண்டாவாதத்துக்காகச் சொல்லவில்லை" என்ற முன்னுரையாக வரும். அப்படித் தொடங்குபவர் அடுத்து என்ன பேசுவார் என்பதும் நமக்குத் தெரியும். தன் கருத்து என்று ஏற்காமல் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பதற்குத் தமிழில் "ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்" என்ற நாகரிகமான வழி இருக்கிறது. மற்றபடி இது முன்னிலையை நோக்கியும் படர்க்கையை நோக்கியும் வீசப்படும் சொல், அதுவும் மேலிருந்து கீழாக. அப்பா மகனைச் சொல்வார். மகன் அப்பாவைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. அதிகாரி உதவியாளரைச் சொல்வார். கணவன் மனைவியைச் சொல்லும் எண்ணிக்கையில், மனைவி கணவனைச் சொல்வது பத்தில் ஒரு பங்கு இருந்தால் வியப்பு.

நானே இந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சாப்பிடும்போது கைப்பேசி பார்க்கக் கூடாது என்று மகளைக் கண்டித்தேன். "நீங்க மட்டும் நேத்து ராத்திரி பார்த்தீங்களே அப்பா?" என்றாள். அது அலுவலகச் செய்தி என்றேன். அலுவலகச் செய்தி என்றால் சோறு தொண்டையில் சிக்காதா என்றாள். பத்து வயதுப் பெண்ணுக்கு அதற்கு மேல் விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. "விதண்டாவாதம் பண்ணாதே, சாப்பிடு" என்றேன். அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவளுக்குப் பக்கம் இருந்தது: விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏது இருந்தது: சோறு யார் தொண்டையிலும் சிக்கும். திட்டாந்தமும் இருந்தது: நேற்று இரவு. எதிர்வாதம் எதையும் நிறுவாமல், அவள் சொன்னதை ஒரே சொல்லால் தள்ளிவிட்டவன் நான். மேசையில் அன்று விதண்டை செய்தவர் ஒருவர்தான், அது அவள் இல்லை. விதண்டாவாதம் என்று ஒருவர் வாயை அடைக்கும்போது, பெரும்பாலும் அடைப்பவர்தான் அதைச் செய்துகொண்டிருக்கிறார் என்ற ஐயம் அன்றிலிருந்து எனக்கு இருக்கிறது.

நன்னூல் பாயிரத்தில் நூலாசிரியர்க்கு உரிய மதங்கள், அதாவது கொள்கைகள், என்று ஏழு சொல்லப்படுகின்றன. உடன்படல் முதலாவது; மறுத்தல் இரண்டாவது. பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைதல் அடுத்தது. அதன் பின் வருவது 'தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே', அதாவது தானே ஒன்றை நட்டுத் தானே அதை நிறுத்துதல். பிறர் நூலின் குற்றம் காட்டலுக்கும் அந்த ஏழில் இடம் உண்டு. அப்பா இந்த நூற்பாவை வகுப்பில் நடத்தும்போது, மறுக்கவும் குற்றம் காட்டவும் உனக்கு முழு உரிமை இருக்கிறது, ஆனால் ஏழில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளாதே என்று மாணவர்களிடம் சொல்வாராம். அவர் திருத்திய கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையில் அடிக்கடி காணப்படும் குறிப்பு, பத்துக் குற்றங்களில் ஒன்றான 'மற்றொன்று விரித்தல்'. தொலைக்காட்சி விவாதங்களை அவர் அதிகம் பார்க்காததற்குக் காரணம், ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் குறிப்பை எழுதக் கை பரபரப்பதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அழைப்பிதழ் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சித்தப்பா அன்று மாலை சொன்ன ஆட்சேபங்களில், வாசகத்தின் நடுவில் இருந்த தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதும் ஒன்று. பரண் கூவும் வகைக் கேள்விகள் பத்துக்குப் பிறகு பதினோராவதாக அதைச் சொன்னார். அதற்குள் அவர் விதண்டாவாதி என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால், நாட்காட்டியை எடுத்துப் பார்க்க யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை அச்சகத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டோம். எழுநூற்றைம்பது அழைப்பிதழ்கள் பெட்டியில் வந்து இறங்கி, குலதெய்வத்துக்கு வைக்க முதல் பிரதியை எடுத்த அம்மாதான் நாட்காட்டியோடு ஒப்பிட்டாள். தமிழ்த் தேதி ஒரு நாள் பின்தங்கியிருந்தது.

அன்றிரவு எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு அழைப்பிதழிலும் பேனாவால் எண்ணைத் திருத்துவது என்று முடிவாயிற்று. தகவல் தெரிந்து சித்தப்பாவும் வந்தார். நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று அவர் தொடங்குவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அதைச் சொல்லவில்லை. நான் எடுத்துவந்த நீலப் பேனாவைப் பார்த்து, நீலத்தில் எழுதினால் அடித்துத் திருத்தியது பளிச்சென்று தெரியுமே என்றார். சிவப்புப் பேனாவை நீட்டினேன். கல்யாணப் பத்திரிகையில் சிவப்பில் திருத்துவதற்கு இது என்ன உன் அப்பனிடம் வந்த கட்டுரை நோட்டா என்றார். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தம்பியை ஒரு கணம் பார்த்தார்.

"அப்ப எந்த மையில எழுதலாம்னு நீயே சொல்லு தம்பி."

சித்தப்பா அழைப்பிதழ் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கறுப்புண்ணே. அச்சோட ஒட்டிப் போயிரும்."

பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். நள்ளிரவு தாண்டி நாங்கள் ஒவ்வொருவராகத் தூங்கப் போன பிறகும் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.